சாரத்தில் ஏற வேண்டியது நம் பிள்ளைகள்

நீலகிரியில் சுவர் ஓவியம் என்றாலே வரையாடு, தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து, மலை ரயில், கோடை சீசன் என்று ஆகிவிட்டது. அழகுதான். ஆனால் வரைவது வெளியூர் ஓவியர்கள், பார்ப்பது சுற்றுலாப் பயணிகள். அந்தத் தடுப்புச் சுவரிலேயே தினமும் சாயங்காலம் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் எஸ்டேட் லைன் பையனுக்கு அதில் என்ன பங்கு? அவன் தப்பு வழியில் போகாமலிருக்க அவனையே கூலி கொடுத்து வரைய வைக்கலாம் என்கிறேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984-ல் சுவர்க் கிறுக்கலை ஒழிக்க நகராட்சி ஒரு திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த ஜேன் கோல்டன் என்ற ஓவியர், கிறுக்கிய இளைஞர்களையே சுவர் ஓவியம் வரைய அழைத்துக்கொண்டார். பிற்பாடு சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கும் அங்கே சம்பளத்தோடு பயிற்சி கொடுத்தார்கள். நம் சென்னையில் 2020-ல் கண்ணகி நகர்க் குடியிருப்புகளில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வந்தன. ஊரின் பெயருக்கு அது நல்லது. ஒரு பையனின் வாழ்க்கை மாற வேண்டுமென்றால் அவனே சாரத்தில் ஏற வேண்டும் என்பது என் கருத்து.

ஏனென்றால் இது ஒருநாள் கூத்து அல்ல. பாசியைச் சுரண்டி, ஈரம் காயவிட்டு, பிரைமர் அடித்து, கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்க வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் அவன் நேரத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் "நேத்து ஏன்டா வரல?" என்று கேட்க ஒரு பெரியவர் இருப்பார். அவனைத் திருட்டு, அடிதடி வழக்கிலிருந்து காப்பது பெயிண்ட் அல்ல, அந்தக் கேள்விதான்.

எதை வரைவது? 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து இங்கே வந்த தாத்தா பாட்டிகளின் கதை இருக்கிறது. அவர்களுக்கு வேலை தரத்தான் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் வந்தன. அந்தக் கதை இங்கே எந்தச் சுவரிலும் என் கண்ணில் பட்டதில்லை. வேங்கை மரப் பிசினில் வரையும் குறும்பர் பழங்குடி ஓவியர்கள் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களை உரிய சம்பளத்தோடு ஆசிரியர்களாகக் கூப்பிடலாமே.

தப்பு செய்தவனுக்குப் பரிசா என்று சிலர் கேட்பீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவே சமூக சேவை செய்ய உத்தரவிட இடம் தருகிறது. தெருக் கூட்டுவது சேவை என்றால் இதுவும் சேவைதான். சரி, கஞ்சா விற்பவனைப் பிடிப்பது போலீஸ் வேலை, அதை எந்த ஓவியமும் செய்யாது.

ஜூனில் மழை பிடித்தால் சுவரைத் தொட முடியாது, அக்டோபரில் அடுத்த மழை. கையில் இருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான். பெயிண்டுக்கு மட்டுமல்லாமல் பிள்ளைகளின் தினக்கூலிக்கும் சேர்த்து எஸ்டிமேட் போடச் சொல்லி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இப்போதே கேளுங்கள்.