எண்ணிக்கை மாறும், லேஸ் மாறாது
போர்வீரர்களின் நினைவுகள் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவர்கள் சொல்வதில் பாதி கட்டுக்கதை, ஆவணத்தை மட்டும் நம்புங்கள் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். எனக்கு முழுசாக உடன்பாடில்லை.

என் பெரியப்பா ராணுவத்தில் இருந்தவர். ஒரே ஒரு இரவைப் பற்றி நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எதிரே வந்தவர்கள் ஒருமுறை பத்துப் பேர், அடுத்த முறை முப்பது. நாங்கள் வாய்க்குள்ளேயே சிரிப்போம். (இருட்டில் யார் தலையை எண்ணிக்கொண்டிருப்பார்கள்?) ஆனால் பக்கத்தில் விழுந்து கிடந்த நண்பரின் இடது பூட்ஸில் லேஸ் பாதிதான் கட்டியிருந்தது என்பது மட்டும் ஒருநாளும் மாறியதில்லை. அந்த இடம் வந்தால் குரல் இறங்கிவிடும். அப்புறம் தண்ணீர் கேட்பார், கதை அதோடு சரி. படைப்பிரிவின் நாட்குறிப்பில் தேதியும் எண்ணிக்கையும் இருக்கும், லேஸ் இருக்குமா?

இன்னொன்று, புளுகு எல்லாம் சிப்பாயிடமிருந்தே வருவதில்லை. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மோன்ஸில் பிரிட்டிஷ் படை ஜெர்மானியரோடு மோதிப் பின்வாங்கியது. அடுத்த மாதம் 29-ம் தேதி ஆர்தர் மேக்கன் என்பவர், அந்தக் காலத்து வில்லாளிகளின் ஆவிகள் வந்து படையைக் காப்பாற்றியதாக லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் சிறுகதை எழுதினார். 1915-க்குள் ஆவிகள் தேவதைகளாகிவிட்டன. வீரர்களே கண்ணால் பார்த்தார்களாம் என்று ஊரெல்லாம் பேச்சு. 'ஐயா, அது என் கற்பனை' என்று மேக்கனே சொல்லிப் பார்த்தார், பலர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கட்டுரையில் இதையும் சேர்த்திருக்கலாம்.