வெறுங்காலும் மாத்திரையும்
"தோட்டத்து மண்ணில் வெறுங்காலோடு நின்றாலே மனச்சோர்வு தீரும், மாத்திரையை நிறுத்திவிடலாம், இங்கிலாந்தில் நிரூபித்துவிட்டார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் நிறுத்திவிடாதீர்கள்! 2007இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரைச் சூட்டில் கொன்று, ஊசி வழியாகச் செலுத்தியது சுண்டெலிகளுக்கு. வெறுங்கால் எங்கிருந்து வந்தது?

தோட்ட வேலை மனதை லேசாக்குவது உண்மைதான். 2011இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், அரை மணி நேரம் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன், புத்தகம் படித்தவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. அது துணை, சிகிச்சைக்கு மாற்று அல்ல.

இன்னொன்று, புதுச்சேரியில் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்றுநோய் பதிவாகியிருக்கிறது. மழைக்காலத்து ஈரமண்ணில் இருக்கும் அந்தக் கிருமி, சர்க்கரை நோயாளியின் பாதவெடிப்பு வழியே நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. கடலூர்க்காரர்களே, ஐப்பசியில் கத்தரிக்குப் பாத்தி கட்டும்போது செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.