பில் இருக்கு தம்பி!

(சிம் கம்பெனியின் சேவை மையம். கவுண்டரில் தம்பி. எதிரே போனுடன் அம்மா.)

தம்பி: மேடம், உங்க போனை நெட்வொர்க்லயே பிளாக் பண்ணியிருக்காங்க. அதனாலதான் 5ஜி வரல.

அம்மா: பிளாக்கா? இது திருட்டு போன் இல்ல தம்பி. பில் இருக்கு.

தம்பி: திருட்டுன்னு யார் சொன்னா? ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற நம்பரைப் பார்த்து நிறுத்தியிருக்காங்க, அவ்வளவுதான்.

அம்மா: திருட்டு போனையும் அந்த நம்பரைப் பார்த்துத்தானே நிறுத்துறாங்க? இந்தா, பாத்துக்க.

(கைப்பையிலிருந்து நாலாக மடித்த பில் வருகிறது. மடிப்பில் மசி உதிர்ந்து கடைப் பெயர் பாதிதான் தெரிகிறது. தேதியும் அந்த நீள நம்பரும் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன.)

தம்பி: பில்லை உள்ள வைங்க மேடம். ஸ்டார், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் அடிங்க. 15 இலக்கம் வருதா? அதுல முதல் 8 இலக்கம் இது எந்த மாடல்னு சொல்லும். எங்க சிஸ்டம் அதைத்தான் பார்க்கும். மாடல் லிஸ்ட்ல இருந்தா 5ஜிக்குள்ள விடும். இல்லன்னா 4ஜியோட நிறுத்திடும்.

அம்மா: அப்ப என் போன் மட்டும் இல்ல, இந்த மாடல் மொத்தமும் திருட்டுங்கறே.

தம்பி: யாரும் எதையும் திருடல மேடம்!

அம்மா: அப்புறம் எதுக்கு நிறுத்துறீங்க? செட்டிங்ஸைப் பாரு, 5ஜின்னு எழுதி, பக்கத்துல டிக் விழுந்திருக்கு. மேல பாரு, 4ஜி. கீழ இருக்கிறது மேல இருக்கிறதை ஒத்துக்க மாட்டேங்குது. உங்க 5ஜி எந்த பேண்டுல, எந்த அலைவரிசையில ஓடுது?

தம்பி: என்78 மேடம். 3300லேர்ந்து 3800 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பேண்டு.

அம்மா: பெட்டியைப் படி. என்78.

(பில்லைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் பெட்டியையும் விடுவதில்லை. இவர் அதைத் தனிப் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறார்.)

தம்பி: பேண்டு இருந்தா மட்டும் போதாது. இந்த மாடலை எங்க நெட்வொர்க்ல வச்சு டெஸ்ட் பண்ணியிருக்கணும். 5ஜியில இருக்கிறப்ப கால் வந்தா, நிறைய இடத்துல போன் சட்டுனு 4ஜிக்கு இறங்கித்தான் பேசும். அந்த இறக்கத்துல தடுமாறிச்சுன்னா, ஆம்புலன்ஸுக்கு அடிச்சாக்கூடக் கால் போகாம நின்னுடலாம்.

அம்மா: நியாயமான பேச்சு. அதுல எனக்குச் சண்டையே இல்ல. டெஸ்ட் பண்ணிடு.

தம்பி: போன் கம்பெனிக்காரங்க வரணும் மேடம். அவங்கதான் அப்டேட் விடணும்.

அம்மா: அவங்களைக் கேட்டாச்சு. சிம் கம்பெனி திறந்துவிட்டா அடுத்த நிமிஷம் நாங்க ரெடின்னாங்க.

தம்பி: நாங்களும் ரெடிதான் மேடம்.

அம்மா: அவங்க ரெடி, நீங்க ரெடி, போன் ரெடி, டவர் ரெடி. நான்தான் இன்னும் ரெடியாகல போலிருக்கு.

தம்பி: பெரிய போனுக்கே இதே கதைதான் மேடம். ஐபோன் 12 வந்தது 2020ல. உள்ள 5ஜி இருந்துச்சு. இந்தியாவுல 5ஜி 2022 அக்டோபர்ல தொடங்கிச்சு. ஆனா டிசம்பர்ல ஐஓஎஸ் 16.2 அப்டேட் வந்தப்புறம்தான் அதுல வேலை செஞ்சுது.

அம்மா: அந்த ரெண்டு மாசத்துல அந்த போனுக்குப் புதுசா ஏதாவது முளைச்சுதா?

தம்பி: இல்ல, சாஃப்ட்வேர்தான்.

அம்மா: அதாவது, சாவி அவங்ககிட்டயே இருந்துச்சு. காசு கொடுத்தவங்க மட்டும் வெளிய நின்னாங்க. அவங்ககிட்டயும் பில் இருந்திருக்குமே?

தம்பி: பில்லை விடுங்க மேடம்... உங்களுக்காவது 4ஜி கிடைக்குது. அமெரிக்காவுல ஏடி அண்ட் டி கம்பெனி 2022 பிப்ரவரியில 3ஜியை மூடினாங்க. 4ஜியில பேசுற வசதி இருந்தும், லிஸ்ட்ல இல்லைங்கிறதால எத்தனையோ போன்ல கால் பேச முடியாமப் போச்சு.

அம்மா: எனக்கு ஆறுதல் சொல்றியா, அடுத்து வரப்போறதைச் சொல்றியா?

தம்பி: (குரலைத் தாழ்த்தி) ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. இதே மாடல் எங்க ஷோரூம்லயும் இருக்கு. அதை வாங்கினா 5ஜி வரும்.

அம்மா: இதே மாடலா? உள்ள என்ன வித்தியாசம்?

தம்பி: உள்ள ஒண்ணும் இல்ல. அந்த முதல் 8 இலக்கம் வேற. ஆன் பண்ணினா எங்க கம்பெனி லோகோ வரும்.

அம்மா: ஓஹோ! அப்ப பில் இருந்தா பத்தாது. உங்க பில்லா இருக்கணும்.

தம்பி: அப்படி இல்ல மேடம்...

அம்மா: ஆம்புலன்ஸ் உங்க லோகோவைப் பார்த்துட்டுத்தான் வருமா?

(தம்பி கம்ப்யூட்டரை ஏதோ தட்டுகிறார். திரையில் ஒன்றும் மாறவில்லை. தட்டுவது பதில் சொல்லாமல் இருப்பதற்காக.)

அம்மா: இன்னொண்ணு கேக்கறேன். இந்த 5ஜி பிளானை இதே போன்லேர்ந்துதான் ரீசார்ஜ் பண்ணேன். அப்ப உங்க சிஸ்டம் அந்த 8 இலக்கத்தைப் பார்த்துச்சா?

தம்பி: ரீசார்ஜுக்கு அதெல்லாம் பார்க்காது மேடம்.

அம்மா: ஆக, பணத்துக்கு லிஸ்ட் கிடையாது. எந்த மாடல்லேர்ந்து வந்தாலும் உள்ள விட்டுடும். சரி, உன்மேல கோபம் இல்ல, லிஸ்ட்டை நீயா எழுதுறே? புகார் ஒண்ணு பதிவு பண்ணு. "போன் நல்லா இருக்கு, நெட்வொர்க்கும் நல்லா இருக்கு, நாங்களாத்தான் நிறுத்தி வச்சிருக்கோம்"னு எழுது.

தம்பி: அப்படி எழுத முடியாது மேடம். இதுல இருக்கிற வகையிலதான் தேர்ந்தெடுக்கணும். சிக்னல் இல்லை, சிம் பழுது, பில் தகராறு, டவர் பழுது.

அம்மா: என் புகாரும் லிஸ்ட்ல இல்லையா!

தம்பி: டவர் பழுதுன்னு போட்டுடறேன். அதுதான் சீக்கிரம் நகரும்.

அம்மா: போட்டா என்ன நடக்கும்?

தம்பி: ஆள் அனுப்புவாங்க. டவர் மேல ஏறிப் பார்த்துட்டு, பழுது இல்லைன்னு எழுதிட்டு இறங்கிடுவாரு.

அம்மா: ஐயோ பாவம். அவர் நம்பரைக் குடு. ஏறுறதுக்கு முன்னாடி நானே கூப்பிட்டுச் சொல்லிடறேன். அதுக்கு 4ஜி போதும்.