20 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ பருப்பு

தமிழ்நாட்டில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த ஒரு கிலோவை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பங்கிட்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் தேறும். எட்டு கிராம் பருப்பில் இருக்கும் புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. பசியை விரட்டியதில் நம் பொது விநியோகத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை மனமார மதிக்கிறேன். ஆனால் பசி அடங்கிய வீட்டிலும் சத்துக்குறை இருக்க முடியும் என்பதையும், நம் வீடுகளில் அது இருக்கிறது என்பதையும் இனியாவது பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

மனித உடல் உணவிலிருந்து எதிர்பார்ப்பவை மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், வைட்டமின்கள், தாதுக்கள், நார்ச்சத்து, நீர் ஆகியவை என்பதைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரியும் ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. சோறும் எண்ணெயும் இருக்கும் வீட்டில் கலோரிக்குப் பெரும்பாலும் குறை வருவதில்லை. குறை வருவது மற்றவற்றில்தான், அதிலும் முதலாவதாகப் புரதத்தில்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 46 கிராம். நாளைக்கு 300 கிராம் அரிசியைச் சோறாகவும் இட்லியாகவும் உண்பவருக்கு, அந்த அரிசியிலிருந்தே 20 கிராமுக்கு மேல் புரதம் கிடைத்துவிடும் என்பது கணக்குப்படி சரி. ஆயினும் புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை. அவற்றில் ஒன்பதை உடலால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். அந்த ஒன்பதில் லைசின் என்பது அரிசியில் குறைவு, பருப்பு வகைகளில் தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தை அரிசி ஈடுசெய்கிறது. அரிசியோடு உளுந்து சேரும் இட்லியும், பாசிப்பருப்பு சேரும் பொங்கலும், பருப்புச் சோறும் அமினோ அமிலக் கணக்கில் மிகச் சிறந்த சேர்க்கைகள். குறை நம் சமையலில் இல்லை, அளவில் இருக்கிறது. மூன்று கரண்டி சோற்றுக்குத் தெளிவாக நீர்த்த சாம்பார் ஒரு கரண்டி என்று வந்துவிட்டால், அந்தச் சேர்க்கை பெயரளவில் மட்டுமே நிற்கிறது. கொழுப்பைச் சேமித்து வைப்பதைப் போலப் புரதத்துக்கு உடலில் தனிச் சேமிப்பு கிடையாது என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் நிறையக் கறி சாப்பிட்டுவிட்டு வாரம் முழுவதும் அதை நம்பியிருக்கவும் முடியாது.

அரிசியை மட்டும் நம்பிய வயிறு என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் துயரமான சான்று இருக்கிறது, அதில் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இயந்திரத்தில் தீட்டிய வெள்ளை அரிசி பரவிய ஆசிய நாடுகளில் பெரிபெரி என்னும் நோய் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் செயலிழக்கும் நோய் அது. மலாயாவில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் வெள்ளைப் பச்சரிசி உண்டு பெரிபெரியால் மடிந்தபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்த நோய் மிகவும் அரிதாக இருந்ததை அங்கிருந்த மருத்துவர்கள் கவனித்தார்கள். கோலாலம்பூரில் மனநல மருத்துவமனை ஒன்றில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர், ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்து, பச்சரிசி உண்டவர்களிடமே நோய் பெருகியதை 1907-இல் வெளியிட்டார். காரணம் பிற்காலத்தில்தான் முழுமையாகத் தெளிவானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி1 வைட்டமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டும்போதோ அது தவிட்டோடு போய்விடுகிறது. யாருடைய ஆய்வுக்கூடமும் சொல்லாமலேயே நெல் அவித்த நம் முன்னோரின் வழக்கம், கடல் கடந்து சென்ற ஏழைத் தொழிலாளர்களின் உயிரைக் காத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியே பெரிபெரியிலிருந்து தொடங்கியதுதான். 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் குன்னூரில் தொடங்கிய பெரிபெரி விசாரணைப் பிரிவு வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அந்த நிறுவனம் 2000 கலோரி உண்பவருக்கு இன்று பரிந்துரைக்கும் தட்டில் தானியம் 250 கிராம்; பருப்பு, முட்டை, இறைச்சி வகை 85 கிராம்; காய்கறியும் கீரையுமாக 400 கிராம். தானியம் மூன்று பங்கென்றால் பருப்பு வகை ஒரு பங்கு என்பது அதன் கணக்கு. நம் ரேஷன் பையிலோ அது இருபதுக்கு ஒன்று.

பெரிபெரி இன்று நம்மிடையே அரிது. ஆனால் இரும்புச்சத்துக் குறை அரிதல்ல. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செறிவூட்டிய அரிசி இதற்கு விடையாக அண்மை ஆண்டுகளில் ரேஷனில் கொண்டுவரப்பட்டது. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அரிசியின் குறையை அரிசிக்குள்ளேயே அடைத்துத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணத்தை ஏற்க முடியவில்லை, ஏனென்றால் செறிவூட்டிய அரிசியிலும் லைசின் கூடப்போவதில்லை, தட்டில் கீரையும் கூடப்போவதில்லை. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் கூடுதலாக உறிஞ்சும். சாப்பிட்ட உடன் தேநீர் குடித்தால் அது உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். இவையெல்லாம் செலவில்லாத செய்திகள். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சிய சோற்றையும் ரசத்தையும் உண்டு எழும் பெண்ணுக்கு, செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அநியாயம். அவருக்கும் முட்டையோ சுண்டலோ ஒரு பங்கு எடுத்து வைக்கப்பட வேண்டும்.

தமிழ்நாடு இதைச் செய்ய முடியாத மாநிலம் அல்ல. சத்துணவில் பள்ளி நாட்கள் ஐந்திலும் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கிறோம். 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் கொடுக்கிறோம். அதே அக்கறை ரேஷன் கடைக்கும் வர வேண்டும். துவரம் பருப்பின் அளவை முதலில் மூன்று கிலோவாக உயர்த்துங்கள். அதனோடு கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ நிலக்கடலையோ ஒரு கிலோ சேருங்கள். அப்படிச் செய்தால் நான்கு பேர் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 கிராம் கிடைக்கும். அதில் ஏழு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். பரிந்துரைத்த 85 கிராமை எட்ட அந்த 33 கிராம் போதாதுதான். ஆனால் மாதக் கடைசியில் பருப்பு டப்பா காலியாகி வெறும் ரசத்தோடு ஓட்டும் வீடுகளில், அந்த நான்கு கிலோ தினமும் ஒரு வேளைக்குக் கெட்டியான பருப்பைத் தட்டில் வைத்துவிடும்.