எழுந்து நிற்கிறேன், அதட்டாதீர்கள்

2017-இல் அப்பாவைப் படத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவருக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம். ஊன்றுகோலை முன்சீட்டில் சாய்த்து வைத்திருந்தார். தேசிய கீதம் ஆரம்பித்ததும் நான் எழுந்தேன். அப்பா இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து ஒருவர், "யோவ் பெருசு, எந்திரி! நாட்டு மேல மரியாதை இல்லையா?" என்று கத்தினார். அப்பா என் தோளைப் பிடித்து ஒருவழியாக நின்றுவிட்டார். அவர் கால் நடுங்கியது என் தோளில் தெரிந்தது. இடைவேளையில், "போதும்ப்பா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

ஆகஸ்ட் 15 அன்று விடிகாலையில் குளித்து, சட்டையில் கொடி குத்திக்கொண்டு தெருமுனைக் கொடியேற்றத்துக்குப் போய் நிற்கிற மனுஷன் அவர்.

தியேட்டரில் கீதம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2016 நவம்பரில். மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு என்று அடுத்த மாதமே விளக்கமும் வந்தது. 2018 ஜனவரியில் கட்டாயமே போய்விட்டது. எழுந்து நிற்கச் சொல்லி அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது, சரி. ஆனால் தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது, கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும் பாடும் கூட்டத்துக்கு இடைஞ்சல் செய்பவரையும்தான். அன்று பாட்டுக்கு நடுவில் கத்தியது அப்பா இல்லை.

நான் எழுந்து நிற்பேன். என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கீதத்தைப் போலத்தான் எனக்குக் கொடியும். திருப்பூரில் 1932-இல் அடிபட்டு விழுந்தும் குமரன் கொடியைக் கையிலிருந்து விடவில்லை. அவற்றை மதி என்று யாரும் என்னை மிரட்டத் தேவையில்லை. மிரட்டினால் வருவது பயம். பயந்து நிற்பவன் மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கேரளாவில் 1985-இல் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். கீதத்தின்போது எழுந்து அமைதியாக நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கைப்படி வாய்திறந்து பாடவில்லை. அவ்வளவுதான் குற்றம். மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி 1986-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாடாமல் நிற்பது அவமதிப்பு இல்லை என்பது அப்போதே தீர்ந்துபோன விஷயம். இத்தனை வருஷம் கழித்தும் பக்கத்து சீட்டுக்காரரின் உதட்டைக் கவனிக்கிறோம்.

இன்னொன்று எனக்கு ஆறவே இல்லை. கீதத்துக்கு யார் எழுந்தார், யார் எழவில்லை என்று இவ்வளவு கணக்குப் பார்க்கிறோமே, கொடிக்கயிற்றை யார் தொடலாம் என்று ஊரில் சாதி பார்த்தபோது இந்தக் கோபமெல்லாம் எங்கே போயிருந்தது? 2020 சுதந்திர தினத்தில், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. அவர் பட்டியலினப் பெண். செய்தி வெளியே வந்து, ஐந்து நாள் கழித்து கலெக்டர் முன்னிலையில்தான் அவர் கொடியேற்ற முடிந்தது. அது ஒரு ஊர்க்கதை மட்டும் இல்லை. கொடியேற்றுவதில் எந்தத் தலைவருக்கும் சாதிப் பாகுபாடு காட்டப்படக் கூடாது என்று 2022-இல் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

தேசியச் சின்னத்துக்கு அவமரியாதை என்றால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. முட்டி வலியோடு உட்கார்ந்திருந்த என் அப்பா இல்லை.