கைகொடுத்தால் கணக்கு நேராகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் எஸ்டேட்டில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாளாக இருந்தேன். அக்காவைக் கைகொடுக்கச் சொல்லி எடுத்த படத்துக்கு மேலே "நல்லிணக்கம் மலர்ந்தது" என்று எழுதி, என்னையும் டேக் செய்த பிறகு முடியவில்லை.

எது நல்லிணக்கம்? கோயில் கொடைத் திருவிழாக் கணக்கில் 18,400 ரூபாய் எங்கே என்று என் அக்காவை மைக்கில் கேட்டார்கள், மொத்த எஸ்டேட்டும் கூடியிருந்தபோது. பதினொரு நாள் கழித்து ஒரு ரசீதுப் புத்தகமும் பணமும் வேறொருவர் வீட்டு அலமாரியில் கிடைத்தன. அப்புறம் கூட்டம், பொன்னாடை, கைகொடுக்கச் சொல்லி ஒரு படம். "நாங்கள் சொன்னது தப்பு" என்று மட்டும் ஒரு வாய் திறக்கவில்லை.

நான் 22 வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். நல்லிணக்கத்தை ஆங்கிலத்தில் ரிகன்சிலியேஷன் என்பார்கள், எங்கள் தொழிலிலும் அதே சொல் உண்டு. செங்கோட்டையில் பிளஸ் ஒன் படித்தபோது 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். நம் ரொக்க ஏட்டையும் வங்கி பாஸ் புத்தகத்தையும் அருகருகே வைத்து, எந்தச் செக் இன்னும் பாஸாகவில்லை, வங்கி பிடித்த எந்தக் கட்டணத்தை நாம் எழுதவில்லை என்று வரிவரியாகத் தேடுவோம். பிழை எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ அதில்தான் திருத்த வேண்டும். தேடாமல் கடைசி வரியில் இரண்டும் சமம் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. ஞாயிற்றுக்கிழமை எழுதியது அதைத்தான்.

குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதைப் பாவசங்கீர்த்தனம் என்று நம் கிறிஸ்தவ வீடுகளில் சொன்னார்கள், இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள்; ஒப்புரவும் அதே ரிகன்சிலியேஷன்தான். அங்கேயும் செய்ததை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரிக்க 1995இல் சட்டம் போட்டு, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அமைத்த ஆணையத்தின் பெயரிலேயே உண்மை முன்னால் வந்தது, நல்லிணக்கம் அதற்குப் பின்னால். செய்ததை முழுக்கச் சொல்லாதவருக்கு அங்கே பொதுமன்னிப்பு இல்லை என்பது விதியாக இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 2010இல் இலங்கை அமைத்ததற்கு 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு' என்று பெயர். உண்மை என்ற சொல் அதில் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்றும் பிள்ளைகளின் படத்தோடு தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு கோயில் கணக்குக்குத் தென்னாப்பிரிக்கா வரைக்கும் போக வேண்டுமா என்பீர்கள். இவ்வளவு பெரிய சொல்லை எடுத்து பேனரில் போட்டது நானில்லை. நம் மலையாளி சூப்பர்வைசர் அதை 'ஒத்துதீர்ப்பு' என்றார். அது சரியான வார்த்தை. தகராறை முடித்தோம், அவ்வளவுதான். அப்படியே எழுதியிருந்தால் நான் பேசியிருக்கவே மாட்டேன்.

ரசீதுப் புத்தகத்தை வைத்திருந்தவர் வேண்டுமென்று செய்யவில்லை, மறந்துவிட்டார். ஒப்புக்கொள்கிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "ஊர் ஒற்றுமை கெட்டுவிடும், பழசைக் கிளறாதே" என்கிறீர்களே, பதினொரு நாள் அக்கா குழாயடிக்குப் போகாமல் இருந்தாளே, அப்போது எங்கே போயிருந்தது அந்த ஒற்றுமை?

நாம் எல்லாரும் சிலோனிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது, அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்காமலே எண்ணிக்கையை முடித்துவிட்டார்கள் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலேறி வந்து, இந்த ரப்பர் காட்டில் முதல் பால் வெட்டியவர் அவர். அவர் மகளையும் கேட்காமல்தான் நீங்கள் முடித்திருக்கிறீர்கள்.

"அக்காவே சிரித்தாரே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பொன்னாடை நழுவாமல் இருக்க இடது கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அதை மடித்து என்னிடம் கொடுத்து, "இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு" என்றாள்.

இன்னும் என் வண்டியில்தான் இருக்கிறது. மைக்கில் கேட்டவர்கள் அதே மைக்கில், அதே இடத்தில் சொல்லட்டும். அன்றைக்கு நானே கொண்டுவருகிறேன், வாங்குவதா வேண்டாமா என்று அக்கா முடிவு செய்யட்டும்.