செவ்வாய்க்கிழமைத் தேர்வும் புதன்கிழமை முகூர்த்தமும்

கல்லூரியில் நாதஸ்வரமும் தவிலும் படிக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "கல்யாண மேளத்துக்கும் போகணும், வகுப்புக்கும் போகணும், பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். பாவப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது பெரும்பாலும் நாள் கணக்குப் பிரச்சினை. பஞ்சாங்கத்தையும் கல்லூரியின் கால அட்டவணையையும் ஜூன் மாதமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதித் தலைவலி தீர்ந்துவிடும். கல்லூரியும் பார்ப்பதில்லை, வீடும் பார்ப்பதில்லை.

சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகளோ, 1929லேயே இசைக் கல்லூரி தொடங்கிய சிதம்பரமோ, எங்கே போனாலும் நாயனம் (நாதஸ்வரம்தான்), தவில் வகுப்பில் வாசிப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. அப்பா முதல் நாயனம், பிள்ளை இரண்டாவது நாயனம். இரண்டு தவில், தாளம், சுருதி சேர்த்து ஒரு செட். பிள்ளை "எனக்குப் பரீட்சை" என்று நின்றுவிட்டால் அப்பா வெளியிலிருந்து ஆள் போடவேண்டும். அந்தப் பங்கு வீட்டை விட்டுப் போகிறது. ஆகவே "படிப்புதான் முக்கியம், மேளத்துக்குப் போகாதே" என்று வகுப்பில் சொல்வது சுலபம். அந்த வீட்டில் அந்தப் பணத்தில்தான் கல்லூரிக் கட்டணமே கட்டியிருப்பார்கள்.

வருகைப் பதிவைப் பார்ப்போம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் கட்டாயம் என்று வைத்துக்கொண்டால் 68 நாள் வந்தாகவேண்டும். கையிருப்பு 22 நாள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் ஒரு முகூர்த்தம் ஒரு நாளோடு போகாது. முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்புக்கு ஐந்து மணிக்கே மண்டபத்தில் இருக்கவேண்டும். வெளியூர் என்றால் மதியமே பஸ் ஏறணும். மறுநாள் நாலரையிலிருந்து ஆறு மணி வரை முகூர்த்தமானால் மூன்றரைக்கு எழுந்து, நாலு மணிக்கு மேடையில் உட்கார்ந்தாகணும். தாலி கட்டி, நலங்கு முடிந்து, கணக்குத் தீர்த்துக் கிளம்பப் பத்து மணி. ஆக வேலை நாளில் விழுகிற ஒரு முகூர்த்தம் பெரும்பாலும் ஒன்றரை நாளைச் சாப்பிடும். அப்படி வேலை நாளில் 14 முகூர்த்தம் ஒத்துக்கொண்டால் 21 நாள் காலி. காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மிச்சம் ஒரு நாள். தை, மாசி இரண்டு மாதத்திலேயே பஞ்சாங்கத்தில் பத்துக்கு மேல் நல்ல முகூர்த்தம் தேறும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. செவ்வாயும் சனியும் நம் பக்கம் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. ஞாயிறு முகூர்த்தத்தால் வகுப்புக்கு நஷ்டமே இல்லை. திங்கள் முகூர்த்தத்துக்கு ஞாயிறு மாலை போனால் போதும், திங்கள் மட்டும் போகும். புதன் முகூர்த்தத்துக்குச் செவ்வாய் சாயந்திரம்தான் கிளம்பவேண்டும். அதாவது வாரத்தில் ஐந்து வேலை நாளில் செவ்வாய் முற்பகல் ஒன்றுதான் வருஷம் முழுக்கப் பத்திரமான நேரம். கல்லூரி இதைச் செய்தால் போதும்: லட்சணத் தாள் (இசை இலக்கணத்தை எழுதும் தாள்) வகுப்புகளையும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளையும் செவ்வாய் காலைக்குத் தள்ளுங்கள். ஒரு பைசா செலவில்லை, அரசாணை வேண்டியதில்லை, துறைத் தலைவர் ஒரு தாளில் கட்டம் போட்டால் முடிந்தது. ஆனால் நடப்பதென்னவோ, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உள்தேர்வு வைத்துவிட்டு, "நாயனக்காரப் பையன்கள் பொறுப்பில்லாதவர்கள்" என்று குறை சொல்வது.

மாதக் கணக்கும் இப்படித்தான். ஆடியில் கல்யாணம் இல்லை. அம்மன் கோவில் திருவிழா உண்டு, அது அந்தந்த ஊரைப் பொறுத்தது. ஆவணியில் மூச்சு விட முடியாது. புரட்டாசி காலி. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் நவம்பர் செமஸ்டர் தேர்வோடு நேராக மோதும். மார்கழி மறுபடி காலி. தை, மாசி உச்சம். சித்திரை, வைகாசி வரும்போது ஏப்ரல், மே தேர்வுகளும் வந்து நிற்கும். சென்னையில் வாய்ப்பாட்டுப் படிக்கிற பிள்ளைகளுக்கு மார்கழியில்தான் சபா சபாவாக ஓட்டம். நாயனக்காரர் வீட்டில், கோவிலில் வாசிக்கும் முறை வைத்திருப்பவர்கள் தவிர, மார்கழிதான் உட்கார நேரம் கிடைக்கிற மாதம். அதனால் சபா பாடகர்களை மனதில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரை எதுவும் இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. செமினார், கட்டுரை, சுரக்குறிப்பு ஏடு எல்லாவற்றையும் புரட்டாசியிலும் மார்கழியிலும் முடித்துவைக்க வேண்டும். தை பிறந்தபின் உட்கார்ந்து எழுதுவேன் என்பவர் எழுதப்போவதில்லை.

இனி உடம்பு. முகூர்த்தத்துக்கு மறுநாள் செய்முறைத் தேர்வுக்கு உட்காருவதைப் போல முட்டாள்தனம் இல்லை. மண்டபத்தில் ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் பேண்டு செட், மேலே வீடியோக்காரர் சத்தம். அதற்கு மேல் கேட்கவேண்டும் என்று தன்னையறியாமல் ஊதி ஊதி உதடு தடித்துவிடும். அடுத்த நாள் சின்ன அறையில் மூன்று ஆசிரியர் முன்னால் கல்யாணி ராக ஆலாபனை செய்யச் சொன்னால், கமகம் கரடுமுரடாக விழும், ஒலி காதைக் கிழிக்கும். நடுவில் இரண்டு நாளாவது விட்டாகணும்.

நாயனத்தின் வாயில் செருகி ஊதும் சீவாளியிலும் இதே கதை. மண்டபத்தில் நாலு மணி நேரம் ஊறிய சீவாளி வாய் தளர்ந்திருக்கும், மேல்ஷட்ஜம் போகும்போது சுருதி இறங்கும். அதற்குப் பயந்து தேர்வன்று புதுச் சீவாளி போடுகிறவர்கள் உண்டு. அது இன்னும் மோசம், பதப்படாத சீவாளி நினைத்த இடத்தில் பேசாது. கல்லூரிக்கென்று மூன்று சீவாளியைப் பிரித்து, தேர்வுக்குப் பத்து நாள் முன்பிருந்து தினம் அரை மணி வாசித்துப் பழக்கி, தனி டப்பாவில் வைக்கவேண்டும். நாயனத்தில் கட்டித் தொங்கவிடும் கொத்தோடு அதைச் சேர்த்தால் மாப்பிள்ளை அழைப்பில் அதுதான் முதலில் கைக்கு வரும்.

தவில்காரப் பிள்ளையின் கஷ்டம் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. இடது கையில் குச்சி, வலது கை விரல்களில் தொப்பி போல மாட்டும் கூடு. எழுதுகிற கையும் அதே வலது கைதான். விடியற்காலை முழுக்க வாசித்துவிட்டு வந்து கூட்டைக் கழற்றினால் விரல் நுனி வீங்கி, பேனா பிடித்தால் வழுக்கும். அந்தக் கையோடு மூன்று மணி நேரம் லட்சணத் தாள் எழுதச் சொன்னால் இரண்டாவது பக்கத்திலேயே எழுத்து கோணும். "தவில் பையன்களுக்கு எழுத்து வராது" என்று முடிவுகட்டுவதற்கு முன் முதல் நாள் அவன் எங்கே வாசித்தான் என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

லட்சணத் தாளில் தோற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இவர்களுக்குப் பாடம் காதால் வந்தது. பூபாளம் எப்போது, நீலாம்பரி எப்போது என்று கோவிலில் வாசித்தே தெரிந்த பிள்ளைக்கு, அதையே "வேளை ராகங்கள் குறித்துக் கட்டுரை வரைக" என்று கேட்டால் நாலு வரிக்கு மேல் நகராது. சுரக்குறிப்பில் இன்னும் தகராறு. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம். முதல் காலத்தில் 8 சுரம், இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. வாசிக்கச் சொன்னால் தூக்கத்தில்கூடச் சரியாக வாசிப்பான். எழுதும்போது கார்வைக்கு (சுரத்தை நீட்டுவதற்கு) ஒரு காற்புள்ளியா, இரண்டு அட்சரத்துக்கு அரைப்புள்ளியா, மேல் ஸ்தாயிப் புள்ளி எங்கே என்பதில் மதிப்பெண் போகும். இதற்கு மருந்து ஒன்றுதான். தினம் ஒரு ஆவர்த்தனம், தனக்கு நன்றாகத் தெரிந்த வர்ணத்திலிருந்து, எழுதிவிட்டு எண்ணிப் பார்க்கவேண்டும். 32க்கு 31 வந்தால் தவறு எங்கே என்று வாசித்துக் கண்டுபிடிக்கவேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்துகூடச் செய்யலாம், பத்து நிமிஷ வேலை.

மண்டபத்தையே வகுப்பாக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பன்று கூட்டம் சேருவதற்கு முன் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வருவதெல்லாம் அப்புறம்தான். அந்த நேரத்தில் பாடத்திட்டத்தில் இருக்கிற ராகத்தை எடுக்கலாம். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி, இந்த மாதம் முழுக்க முதல் அரை மணி தோடி என்று வைத்துக்கொண்டால், ஐந்து கல்யாணத்தில் இரண்டரை மணி நேரத் தோடி, அதுவும் தவிலோடு. எந்தக் கல்லூரியிலும் இரண்டு தவில் வைத்துச் சாதகம் கிடைக்காது. யாரும் கேட்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். தப்பாக வாசித்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. கெட்டிமேளத்துக்குக் காட்டும் கை மட்டும் கண்ணில் இருக்கட்டும், ராக மயக்கத்தில் அதை விட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

விளையாட்டுக்கும் என்.எஸ்.எஸ்.ஸுக்கும் கொடுப்பதுபோல் மேளத்துக்கும் ஆன் டூட்டி கொடுக்கவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கோவில் உற்சவத்துக்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கோவில் செயல் அலுவலர் கடிதம் வாங்கி வரட்டும், பத்து நாள் பிரம்மோற்சவத்தில் சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கிறவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். கல்யாணத்துக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கொடுத்தால் அடுத்த மாதமே வீட்டில் இன்னும் ஐந்து தேதிக்குச் சேர்த்து அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள், பிள்ளை வகுப்பறை வாசலையே மறந்துவிடுவான்.

தேர்வு நாளில் விழுகிற முகூர்த்தத்துக்கு நடைமுறை வழி கைமாற்றுதான். இதே நிலையில் இருக்கிற இன்னொரு குடும்பத்தோடு பேசிவைத்துக்கொள்வது: உன் பிள்ளைக்குத் தேர்வு இருக்கிற நாளில் என் பிள்ளை உன் செட்டில் உட்காருவான், எனக்கு அதையே நீ செய். வெவ்வேறு கல்லூரி என்றால் தேதிகள் மாறும், அதனால் நன்றாகவே நடக்கும். சிக்கல் வருவது ஜோடியில். இரண்டு நாயனமும் சுருதி இழைய வேண்டும் என்பதற்காக ஒரே ஆசாரியிடம் ஜோடியாகச் செய்து வாங்கியிருப்பார்கள். வருகிற பையன் தன் நாயனத்தோடு வந்தால் இழையாது. ஆகவே அவன் தன் சீவாளியை மட்டும் கொண்டுவந்து, இந்த வீட்டுப் பிள்ளையின் நாயனத்தில் வாசிக்கவேண்டும். அப்படியானால் இவன் செய்முறைத் தேர்வுக்கு எதை எடுத்துப் போவான்? கடைசி நேரத்தில் இரவல் வாங்கிப் போய், துளை இடைவெளி பழகாமல் விரல் தடுமாறித் திரும்புவார்கள். கல்லூரிக்கென்று தனி நாயனம் ஒன்று இருந்தே ஆகவேண்டும். 2022ல் புவிசார் குறியீடு கிடைத்த நரசிங்கன்பேட்டையில் பழைய ஆச்சா மரம் பார்த்துச் செய்து கொடுப்பார்கள். முதலாண்டுக் கட்டணம் கட்டும்போதே அதற்கும் சொல்லிவைத்துவிடுங்கள், கேட்ட உடனே கிடைக்கிற சாமான் இல்லை.

கடைசியாகப் பணம். அப்பாக்களுக்கு இது பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வெளியாளுக்குக் கொடுக்கிற இரண்டாம் நாயனப் பங்கைப் பிள்ளைக்கும் கொடுங்கள், கையில் கொடுங்கள். "எல்லாம் வீட்டுக்குத்தானே" என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? பஸ் செலவுக்கும் சீவாளிக்கும் அலைபேசிக்கும் காசில்லாமல், உங்களுக்குத் தெரியாமல் வேறு செட்டிலும் பேண்டு கச்சேரியிலும் போய் உட்காருகிறான். வருகைப் பதிவு 60 சதவீதத்துக்கு இறங்குகிற பல பிள்ளைகளுக்கு வீட்டு முகூர்த்தங்களைவிட இந்த வெளித் தேதிகள்தான் அதிகம். பங்கு கையில் வந்தால் அதில் பாதிக்குமேல் நின்றுபோகும். மகள் வாசிக்கிற வீட்டிலும் இதே கணக்குதான். கூடவே, மண்டபத்திலிருந்து வந்த நாளில் அவளைச் சமையலறைக்கு அனுப்பாமல் தூங்க விடுங்கள், மறுநாள் வகுப்பு இருக்கிறது.